உதவித் தொகையும் சிறுநீர்ச் சோதனையும்

2011-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ஐக்கிய அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் அளிக்கும் உதவித் தொகையைக் கோரி விண்ணப்பம் செய்வோர் யாவரும், தமது சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்து, போதைப் பொருள் எதுவும் உட்கொள்ளவில்லை என்று மெய்ப்பித்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். சோதனைக்கு ஆகும் செலவு 24 டாலரிலிருந்து 45 டாலர் வரை. அத்தொகையை விண்ணப்பதாரரே முதலிற் செலுத்த வேண்டும். போதைப் பொருள் இல்லையென்று தெரிந்தால் மட்டும் அது பின்னர்த் திருப்பித் தரப்படும். சோதனையில் தவறியவர் ஓராண்டுக்கு உதவி பெறத் தகுதியற்றவர். சிகிச்சை பெற்று முடித்தால் ஆறு மாதத்திற்குப் பிறகு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். குழந்தைகளுக்குரிய பங்கை வேறொருவர் மூலமாகப் பெற்றுக்கொள்ள வழி வைக்கப்பட்டிருந்தது.

மூன்று பேர் கொண்ட குடும்பத்திற்கு அம்மாநிலம் அப்போது அளித்து வந்த உச்ச உதவி மாதம் 303 டாலர். கையிற் பணமில்லை என்று உதவி கேட்க வருபவரிடம், அவ்வுதவியிற் பத்தில் ஒரு பங்கை முன்னதாகக் கட்டு என்று கூறுவது எத்தகையது என்பதைக் களத்திற் பணியாற்றுவோருக்கு விளக்க வேண்டியதில்லை.

இச்சட்டத்தின் வரலாறும், நீதிமன்றங்களில் அது பட்ட பாடும் அறியத்தக்கவை. அவற்றினும் முதலில் அறியவேண்டுவது, அச்சோதனை எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதாகும். சட்டம் இயற்றியவர்களும் அதை எதிர்த்தவர்களும் மிகுதியாக வாதாடியது உரிமையைப் பற்றி. சோதனைக் குழாயினுள் நடப்பதைப் பற்றிப் பேசியது குறைவே.

சோதனை நடைபெறும் விதம்

உட்கொண்ட போதைப் பொருளை உடல் அப்படியே வெளியேற்றுவதில்லை. ஈரல் அதனைச் சிதைத்து வேறு பொருளாக மாற்றுகிறது. அவ்வாறு மாறிய சிதைவுப் பொருள் சிறுநீருடன் வெளிப்படுகிறது. கொகேயின் உட்கொண்டவரின் சிறுநீரிற் பெரும்பாலும் தேடப்படுவது கொகேயின் அன்று. அதன் சிதைவால் உண்டாகும் பென்சாயில் எக்கோனின் என்னும் பொருளே. கஞ்சாவுக்கும் இவ்வாறே ஒரு சிதைவுப் பொருள் உண்டு. இவை இருக்கும் அளவோ மிகச் சிறிது. ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் இத்தனை நானோகிராம் என்று கணக்கிடுவர். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறிய எதிர்ப்பொருள்கள் பயன்படுகின்றன. அம்மைக் கிருமி உடலிற் புகுந்தால் அதற்கெனவே இரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் தோன்றுவதைப் பள்ளி மாணவரும் படித்திருப்பர். மார்பின் போன்ற சிறு மூலக்கூறை ஒரு புரதத்துடன் பிணைத்து விலங்கின் உடலிற் செலுத்தினால், மார்பினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அவ்விலங்கின் இரத்தத்தில் தோன்றும். இதுவே அடிப்படை. ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகிய இருவரும் 1950-களின் இறுதியில் இன்சுலினை அளக்க வகுத்த முறையே இவ்வகைச் சோதனைகளுக்கெல்லாம் முன்னோடி. யாலோ அம்மையாருக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்.

இன்று பரவலாக வழங்கும் சோதனைப் பட்டையை எடுத்துக்கொள்வோம். பட்டையின் ஓரிடத்தில் போதைப் பொருள் சிறிது ஒட்டப்பட்டிருக்கும். வண்ணத் துகள் பூண்ட எதிர்ப்பொருள்கள் சிறுநீருடன் சேர்ந்து பட்டை வழியே ஊர்ந்து வரும். சிறுநீரிற் போதைப் பொருள் இல்லையானால், எதிர்ப்பொருள்கள் யாவும் ஒட்டப்பட்ட இடத்திற் பற்றிக்கொள்ள, அங்கே வண்ணக் கோடு தெரியும். சிறுநீரிற் போதைப் பொருள் இருப்பின் எதிர்ப்பொருள்களை அதுவே முன்னதாகப் பற்றிவிடும், கோடு தோன்றாது. ஆகவே கோடு இருந்தால் நிரபராதி, இல்லாவிட்டால் ஐயத்துக்குரியவர். இந்தத் தலைகீழ் முறையை ஆசிரியர்கள் வகுப்பில் விளக்கும்போது, ஒரே பேருந்தில் இடம் பிடிக்கப் போட்டியிடும் இரு கூட்டத்தாரை உவமையாகக் கூறலாம்.

பெருந்தொகையான மக்களிடம் இத்தகைய சோதனை முதன்முதலாக நடத்தப்பட்டது 1971-இல். வியட்நாமிலிருந்து தாயகம் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களிடம் ஹெராயின் பழக்கம் பரவியிருப்பதாக அறிந்த நிக்சன் அரசாங்கம், விமானம் ஏறுவதற்கு முன் அவர்களது சிறுநீரைச் சோதிக்க ஆணையிட்டது. போதைப் பொருள் தென்பட்டோர் அங்கேயே நிறுத்தப்பட்டுச் சிகிச்சை பெற்றனர். பின்னர் 1986-இல் ரீகன் பிறப்பித்த ஆணை மத்திய அரசாங்க ஊழியரிடையே இச்சோதனையைப் புகுத்தியது. 1988-இல் ஆய்வுக்கூடங்களுக்கு விரிவான விதிகள் வகுக்கப்பட்டன.

எல்லைக் கோடு

சிறுநீரில் ஒரு சில மூலக்கூறுகள் இருந்தாலே அகப்பட்டார் என்று கூறுவதில்லை. ஓர் எல்லை அளவு குறிக்கப்படும். அதற்கு மேற்பட்டால் 'உண்டு' என்பர், கீழ்ப்பட்டால் 'இல்லை' என்பர். இவ்வெல்லை இயற்கை வகுத்ததன்று; குழுவினர் கூடி முடிவு செய்தது. கஞ்சாவுக்கு 1988-இல் 100 நானோகிராம் என்று இருந்த முதற்சோதனை எல்லை, 1994-இல் 50 ஆகக் குறைக்கப்பட்டது. 60 நானோகிராம் இருந்த ஒருவர் 1993-இல் நிரபராதி, 1995-இல் குற்றவாளி.

அபினி வகையில் மாற்றம் எதிர்த்திசையில் நடந்தது. அதன் காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதையே. விதையிற் போதை இல்லை எனினும், காயின் பாலிலிருந்து ஒட்டிக்கொண்ட மார்பின் அதில் மிகச் சிறிதளவு இருக்கக்கூடும். அமெரிக்காவில் கசகசா தூவிய ரொட்டியைத் தின்றவர்களின் சிறுநீரில் 300 நானோகிராம் என்ற பழைய எல்லையைக் கடந்து மார்பின் தென்பட்டது. இதிற் சோதனையின் பிழை ஒன்றுமில்லை. அங்கே மார்பின் மெய்யாகவே இருந்தது. பிழை, அதற்குக் கற்பித்த பொருளில். இதனால் 1998-இல் அவ்வெல்லை 2,000 ஆக உயர்த்தப்பட்டது. ஹெராயினிலிருந்து மட்டுமே தோன்றும் வேறொரு சிதைவுப் பொருளையும் தேடுவது வழக்கமாயிற்று.

வேறு வகைப் பிழைகளும் உண்டு. எதிர்ப்பொருள் பூட்டுப் போன்றது. ஆயினும் ஏறக்குறைய ஒத்த சாவிகளுக்கும் சில வேளை திறந்துவிடும். சளிக்கு உட்கொள்ளும் சூடோஎபிட்ரின் ஆம்பெட்டமின் போலத் தோற்றமளிக்கலாம். இருமல் மருந்துகளிலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் மற்றொரு போதைப் பொருளாகக் காட்டலாம். ஆகையால் முதற்சோதனையில் 'உண்டு' என வந்த மாதிரியை உறுதிச் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். வாயு நிறப்பிரிகைக் கருவியில் பொருள்களைத் தனித்தனியே பிரித்து, நிறை நிறமாலைமானியில் ஒவ்வொன்றின் மூலக்கூறையும் உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையைக் கொண்டு இன்ன பொருள் என்று அடையாளம் காண்பர். இது ஏறத்தாழக் கைரேகை பார்ப்பது போன்றது. ஆனால் இதற்கு விலையுயர்ந்த கருவியும், பயின்ற நிபுணரும், காலமும் வேண்டும். மத்திய அரசாங்க விதிகளின்படி, இதற்குப் பிறகும் ஒரு மருத்துவர் அம்மனிதரை அழைத்து, என்ன மருந்து உட்கொண்டீர் என்று கேட்ட பின்னரே முடிவு அறிவிக்கப்படும்.

உறுதிச் சோதனை ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். இது வெறும் எடுத்துக்காட்டுக் கணக்கு. 10,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் 300 பேர் மெய்யாகவே போதைப் பொருள் உட்கொண்டவர்கள் என்று கொள்வோம். சோதனை நூற்றுக்கு 95 சரியாக இருக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். உட்கொண்ட 300 பேரில் 285 பேர் அகப்படுவர். உட்கொள்ளாத 9,700 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் 485 பேர் தவறாக அகப்படுவர். ஆக 770 பேர் மீது குற்றம் தோன்றும். அவர்களில் 485 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். நூற்றுக்கு 95 சரியான சோதனை, அகப்பட்டோரில் நூற்றுக்கு 63 பேர் விஷயத்தில் தவறிவிட்டது! இதே சோதனையை, 10,000-இல் 3,000 பேர் உட்கொண்ட ஒரு கூட்டத்தில் நடத்தினால் 2,850 பேர் சரியாகவும் 350 பேர் தவறாகவும் அகப்படுவர். கருவி மாறவில்லை, சோதிக்கப்படும் கூட்டமே மாறிற்று. குறைந்த பேரிடம் காணப்படும் ஒன்றை எல்லோரிடமும் தேடப் புகுந்தால் இவ்விளைவு தவிர்க்க இயலாதது. காசநோய்ச் சோதனை முதலியவற்றிலும் இவ்விதி பொருந்தும் என்பதைச் சுகாதாரப் பணியாளர் நினைவிற்கொள்வது நலம்.

உறுதிச் சோதனையும் கூறாத செய்திகள் சில உள. எப்போது உட்கொண்டார், எவ்வளவு உட்கொண்டார், அதனால் வேலை செய்ய இயலாதவராய் இருக்கிறாரா, பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டாரா அல்லது ஒரு திருமண விருந்தில் ஒருமுறை உட்கொண்டாரா என்பவற்றுள் ஒன்றையும் சிறுநீர் கூறாது. கொகேயினின் சுவடு இரண்டு முதல் நான்கு நாட்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். கஞ்சாவின் சாரமோ கொழுப்பிற் கரைந்து உடலில் தங்கி மெல்ல மெல்ல வெளிப்படுவது; நாள்தோறும் புகைத்தவர் நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை அது தென்படலாம். குடும்பங்களை மிகுதியும் அழிக்கும் மதுவோ சில மணி நேரத்தில் சிறுநீரைவிட்டு நீங்கிவிடுகிறது. வழக்கமான சோதனையில் அதைத் தேடுவதுமில்லை. கொடியதை விட்டுவிட்டு மெதுவாய் நீங்குவதைப் பிடிக்கும் வலை இது என்றால் மிகையாகாது.

சட்டமும் நீதிமன்றமும்

1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் வறியோர் உதவித் திட்டம் முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. 1935 முதல் நடந்துவந்த பழைய திட்டம் நீங்கி, தேவைப்படும் குடும்பங்களுக்கான தற்காலிக உதவி என்னும் புதுத் திட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் ஒரு பிரிவு, உதவி பெறுவோரைப் போதைப் பொருளுக்காகச் சோதிக்கவும், தவறியவரைத் தண்டிக்கவும் மாநிலங்களுக்குத் தடையில்லை என்று கூறிற்று. கட்டாயமன்று, அனுமதியே.

அதனை முதலிற் பயன்படுத்தியது மிச்சிகன் மாநிலம். 1999 அக்டோபரில் சில பகுதிகளில் விண்ணப்பதாரர் அனைவரையும் சோதிக்கும் திட்டம் தொடங்கிற்று. ஐந்து வாரங்களுக்குப் பின் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் 268 பேர் சோதிக்கப்பட்டு, 21 பேரிடம் போதைப் பொருள் தென்பட்டது. அவர்களில் மூவர் நீங்கலாக ஏனையோரிடம் இருந்தது கஞ்சா மட்டுமே. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்று, 2003-இல் நீதிபதிகள் அறுவருக்கு அறுவர் எனச் சரிபாதியாகப் பிரிந்தனர். மேல் நீதிமன்றம் சரிபாதியாகப் பிரிந்தால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைக்கும். இவ்வாறு, ஒரு கருத்தும் வெற்றி பெறாமலேயே திட்டம் வீழ்ந்தது.

வழக்கின் மையம் அமெரிக்க அரசியற் சட்டத்தின் நான்காவது திருத்தம். தக்க காரணமின்றி மக்களின் உடலையோ வீட்டையோ உடைமையையோ அரசாங்கம் சோதனையிடலாகாது என்று 1791 முதல் அது கூறிவருகிறது. ஒருவரிடமிருந்து சிறுநீரைப் பெற்று ஆராய்வதும் சோதனையிடுதலே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-இல் முடிவு செய்தது. எனினும் ரயிலை ஓட்டுவோர், துப்பாக்கி ஏந்தும் சுங்க அதிகாரிகள் ஆகியோரிடம் ஐயமில்லாதபோதும் சோதனை நடத்தலாம் என்று ஒப்பியது. அவர்கள் தவறினால் பிறர் உயிருக்குக் கேடு. ஆனால் 1997-இல், குறிப்பிட்ட மாநிலப் பதவிகளுக்குத் தேர்தலில் நிற்போர் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற ஜார்ஜியா மாநிலச் சட்டத்தை அதே நீதிமன்றம் தள்ளிவிட்டது. வேட்பாளரிடையே அத்தகைய கேடு பரவியிருப்பதாக ஒரு சான்றும் இல்லை என்பது காரணம். சட்டமன்றம் புகுவோரைச் சோதிக்க இயலாது என்றான பின், அச்சட்டமன்றத்தின் வாயிலில் உதவிக்கு நிற்போரைச் சோதிக்கலாமா என்பதே புளோரிடாவின் கேள்வி.

புளோரிடாச் சட்டத்தை எதிர்த்து வழக்காடியவர் கடற்படையிற் பணியாற்றிய ஒருவர். நான்கு வயது மகனை வளர்த்துக்கொண்டு, உடல் நலமற்ற தம் அன்னையையும் காத்து, பல்கலைக்கழகத்திற் படித்துவந்தார். உதவித் தொகைக்குரிய பிற தகுதிகள் யாவும் அவருக்கு இருந்தன. தாம் போதைப் பொருளைத் தொட்டதில்லை என்றும், ஐயத்துக்கு இடமில்லாதபோது சோதனைக்கு உட்பட மாட்டேன் என்றும் அவர் கூறினார். 2011 அக்டோபர் 24-ஆம் நாள் மாவட்ட நீதிபதி மேரி ஸ்கிரிவன் சட்டத்தை நிறுத்திவைத்தார்.

நடைமுறையில் இருந்த ஏறக்குறைய நான்கு மாதங்களில் சோதிக்கப்பட்டோர் 4,046 பேர். போதைப் பொருள் தென்பட்டோர் 108 பேர், நூற்றுக்கு 2.67. ஏனைய 3,938 பேருக்கும் தலைக்கு 30 டாலர் வீதம் 1,18,140 டாலரை மாநிலம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தவறிய 108 பேருக்கு உதவியை மறுத்ததால் மிஞ்சியதைக் காட்டிலும் இது 45,780 டாலர் அதிகம். அதிகாரிகளின் சம்பளமும் வழக்குச் செலவும் இதிற் சேரா.

இப்புள்ளி விவரங்களையும் எச்சரிக்கையுடன் படித்தல் வேண்டும். அதே ஆண்டில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின்படி, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர் முந்திய மாதத்திற் போதைப் பொருள் உட்கொண்டதாக ஒப்புக்கொண்டனர். இதனை 2.67-உடன் ஒப்பிட்டு, வறியவர் ஏனையோரைக் காட்டிலும் ஒழுக்கமுடையவர் என்று சிலர் மகிழ்ந்தனர். அது முறையன்று. சோதனை வருவதை அறிந்தவர் சில நாள் விலகியிருக்கலாம். அகப்படுவோம் என்று அஞ்சியவர் வராமலே இருந்திருக்கலாம். பிற தகுதிகள் இருந்தும் சோதனையை முடிக்காதவர் 2,300 பேருக்குச் சற்று அதிகம். அவர்கள் யாவரும் போதைக்கு அடிமைகள் என்று அரசாங்கத் தரப்பினர் குறிப்பால் உணர்த்தினர். முப்பது டாலர் கையில் இல்லாதவர், சோதனைக்கூடம் வெகு தொலைவில் உள்ளவர், இடையில் வேலை கிடைத்துவிட்டவர் ஆகியோர் அவர்களுள் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்டார் ஒருவருமிலர். வராதவரைப் பற்றி எண் ஒன்றும் கூறாது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் தடையை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் மாவட்ட நீதிமன்றம் சட்டத்தை அடியோடு தள்ளிற்று. 2014 டிசம்பரில் மேல் நீதிமன்றமும் அதனை ஏற்றது. வறியவராய் இருத்தல் ஒன்றே ஒருவரை ஐயத்துக்கு உள்ளாக்கிவிடாது. குடும்ப உதவி பெறுவோரிடையே போதைப் பழக்கம் மிகுந்திருப்பதாக மாநிலம் சான்று எதுவும் காட்டவில்லை என்பதே முடிவின் சாரம். ஆளுநர் ரிக் ஸ்காட்டின் அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தை நாடவில்லை.

வினாத்தாள் முறை

எல்லோரையும் சோதித்தல் இயலாதென்று கண்ட வேறு சில மாநிலங்கள், முதலில் எழுத்து மூலம் வினாக்களைக் கேட்டு, விடையில் ஐயம் தோன்றியோரை மட்டும் சோதிக்கும் வழியை மேற்கொண்டன. ஊட்டா மாநிலத்தில் 2012 ஆகஸ்டு முதல் ஓராண்டில் வினாத்தாள் பெற்றோர் 4,730 பேர். சோதனைக்கு அனுப்பப்பட்டோர் 466 பேர். போதைப் பொருள் தென்பட்டோர் 12 பேர். செலவு 30,000 டாலருக்கு மேல். டென்னசியில் 2014 ஜூலை முதல் ஆறு மாதத்தில் விண்ணப்பித்த 16,000-க்கு மேற்பட்டோருள் அகப்பட்டவர் 37 பேர். ஆஸ்திரேலிய அரசாங்கமும் 2017-இல் கான்டர்பரி–பாங்க்ஸ்டவுன், லோகன், மாண்டுரா ஆகிய மூன்று இடங்களில் 5,000 பேரிடம் இத்தகைய சோதனை நடத்தத் திட்டமிட்டது. மேல் சபையின் இசைவு கிடைக்கவில்லை.

ஊட்டாவின் 12 பேரை வேறு விதமாகவும் நோக்கலாம். அங்கே தவறியவருக்கு உதவி உடனே நிறுத்தப்படுவதில்லை. சிகிச்சைக்கு உடன்பட்டால் தொடர்ந்து கிடைக்கும். அப்பன்னிருவரில் எவரேனும் மெய்யாகவே நோய்ப்பட்டவராய் இருந்தால், அவருக்கும் அவர் குழந்தைகளுக்கும் அது சிறு நன்மையன்று. சிகிச்சை நிலையங்களிலும் இதே சோதனைதான் பயன்படுகிறது. அங்கே மருத்துவர் நோயாளியை அறிவார். முந்திய வாரத்து முடிவும் கையில் இருக்கும். 'உண்டு' என வந்தால் அது மருந்தின் அளவை மாற்றுவதற்கு ஏதுவாகும். ஒரு மாதச் சோற்றை நிறுத்துவதற்கு அன்று.